கருத்தம்மாள் இடத்தில் போனவள்

இவாஞ்சலினுக்கு என்ன வேலை என்று ராயப்பன்பட்டியில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. நியூசிலாந்தில், ஆக்லாந்தில், ஆஸ்பத்திரி வேலை என்பார்கள். நர்ஸா என்றால் இல்லை, டாக்டரா என்றால் அதுவும் இல்லை, டாக்டர்களையே அதட்டுகிற வேலை என்று அவளுடைய அம்மா மதலேனாள் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள். உப்பும் புளியும் கொஞ்சம் தூக்கல்தான் என்றாலும் அது முழுப் பொய் இல்லை.

தெற்கு ஆக்லாந்துப் பக்கம் டோங்கா, சமோவா என்று பசிபிக் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய சனம் அதிகம். அவர்களுக்கு வியாதி அதிகம், வைத்தியம் குறைச்சல். ஆனால் அவர்களை ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. ரத்தம் எடுப்பார்கள், எடை பார்ப்பார்கள், கணக்கை வாரிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்குவார்கள். கொடுத்தவருக்கு ஒரு துண்டுக் காகிதம் திரும்பி வராது. இது சரிப்படாது, எங்கள் உடம்பின் கணக்கு எங்களுடையது, அதை யார் பார்க்கலாம், எதற்குப் பார்க்கலாம் என்று நாங்கள்தான் சொல்வோம் என்று அந்தச் சனத்துக்குள்ளேயே விவரம் தெரிந்தவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழு சொல்வதை ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சிக்காரர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்து, கேட்காதவர்களைக் கேட்கவைப்பதுதான் இவாஞ்சலினுடைய வேலை. குழுவின் கூட்டம் ஜெபத்தில் தொடங்கிச் சாப்பாட்டில் முடியும். நம்ம ஊர்ப் பங்குக் கூட்டம் மாதிரியே இருக்கிறதே என்று முதல் நாளே அவளுக்கு அந்த இடம் ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்டவள் சொந்த ஊர்ப் பக்கம் ஒரு ஆராய்ச்சி என்றால் சும்மா இருப்பாளா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியுமுன்னே ஜீப் ஜீப்பாகப் பெண்கள் கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறார்கள். ஏலச் செடிக்கு மருந்து அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். மருந்தடித்த ஈரம் காய்வதற்குள் பெண்களை உள்ளே இறக்கிவிடுகிற தோட்டங்களும் உண்டு. அந்த விஷம் இவர்கள் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க மதுரையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் கிளம்பியது. அதன் தலைவர் டாக்டர் சங்கரலிங்கம். நல்ல மனிதர்தான். ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதில் காட்டுகிற அக்கறையைக் கணக்குக்குள் இருக்கிற ஆளிடம் காட்ட மறந்துபோவார்.

ஆராய்ச்சிக்கு வழி சொல்ல மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் சங்கரலிங்கம். இன்னொருத்தி இவாஞ்சலின், ஆக்லாந்திலிருந்து கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்காருவாள். மூன்றாவது, ஜீப்பில் ஆள் சேர்த்து ஏற்றிவிடுகிற சுருளிப்பட்டி பாண்டீஸ்வரி. தோட்டத்துப் பெண்கள் சார்பில் ஒருத்தியாவது இருந்தே ஆகவேண்டும் என்று இவாஞ்சலின் அடம்பிடித்ததால் பாண்டீஸ்வரியைச் சேர்த்தார்கள். உப்புக்குச் சப்பாணியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது சங்கரலிங்கத்தின் எண்ணம். அவளோ முதல் கூட்டத்திலேயே, இந்தக் கணக்கை வைத்து எங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மருந்தடித்து எத்தனை நாள் கழித்து ஆளை உள்ளே விடலாம் என்று அரசாங்கத்தை எழுதவைப்போம் என்றார் சங்கரலிங்கம். அப்படியென்றால் ரத்தம் தருகிறோம் என்றாள்.

சட்டதிட்டமெல்லாம் இவாஞ்சலின் எழுதியது. யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது அவரவருக்கு மட்டும்தான் தெரியவேண்டும். பெயர் எழுதிய உறையில் ஒட்டி, அவரவர் கையில் கொடுக்கவேண்டும். எந்த எண் யாருடையது என்பது கம்பத்தில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் அனுசுயாவிடம் மட்டும் பூட்டியிருக்கும். புருஷனுக்குச் சொல்லக்கூடாது, பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது, தோட்டத்து முதலாளிக்குக் காட்டவே கூடாது. குழுவில் இருக்கிறவர்களும் கேட்கக்கூடாது. வேலியை இவ்வளவு நெருக்கிக் கட்டினால் நாமே எப்படி உள்ளே போவது என்று சங்கரலிங்கம் முனகினார். நாம் உள்ளே போகக்கூடாது என்பதற்குத்தான் வேலி என்று இவாஞ்சலின் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

இதில் அவளுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. மதலேனாளும் அந்த ஜீப்பில் போனவள்தான். மகளைப் படிக்கவைத்ததே ஏலத்தோட்டம். அப்பா மரியராஜ் இறந்த வருஷம் ஊருக்கு வந்திருந்தபோது, இனி நீ தோட்டத்துக்குப் போகக்கூடாது, போனால் நான் அங்கே இருந்து சம்பாதித்து என்ன பிரயோசனம் என்று இவாஞ்சலின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மதலேனாள் சரி என்றாள். பழைய வீட்டை இடித்து டைல்ஸ் போட்ட வீடு கட்டியாயிற்று. சமையலறைக்குள் குழாய் வந்தது, துணி துவைக்க மெஷின் வந்தது. வேலை எல்லாம் குறைந்துபோய், வீட்டில் மதலேனாளும் சுவர்க் கடிகாரமும் மட்டும் மிச்சம்.

ரத்தம் எடுக்கும்போது இவாஞ்சலின் ஊரில் இல்லை. ஒரு சாயங்காலம் ஜீப்புகள் மலையிறங்கி வந்து நின்ற இடத்திலேயே முகாம் போட்டு எடுத்துவிட்டார்கள். முடிவுகளைக் கொடுக்கிற கட்டத்துக்குத்தான் அவள் வந்து சேர்ந்தாள். ஆராய்ச்சி அலுவலகம் தேனியில், அல்லிநகரத்தில் இருந்தது. வாரநாளெல்லாம் அங்கேயே ஒரு அறையில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள்.

வந்த முதல் சனிக்கிழமையே அம்மா இளைத்திருப்பதைப் பார்த்தாள். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, பைபிள் வாசிக்க எழுத்து மங்குகிறது, தலைவலி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்வை. வயசாயிருச்சுல்ல என்றாள் மதலேனாள். தேனிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள் மகள். கண்ணாடி போட்டும் மங்கல் போகவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது மதலேனாள், அந்த ரத்த ரிசல்ட்டை யார் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். இவாஞ்சலின் சந்தோஷமாகத் தன் சட்டதிட்டத்தை எல்லாம் விளக்கினாள்.

"நீயும் பாக்க மாட்டியா?"

"நானும் பாக்க மாட்டேன்மா. எனக்கு நம்பர் தெரியும், பேரு தெரியாது."

"அது நல்லது," என்று மதலேனாள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தன் வேலையை அம்மா புரிந்துகொண்டாள் என்று இவாஞ்சலினுக்கு ஒரே பெருமை.

முடிவுகள் வந்தன. ரத்தத்தில் ஒரு சத்து இருக்கிறதாம். அதன் பெயர் நம் வாயில் நுழையாது. பூச்சிமருந்து உடம்பில் ஏற ஏற அது இறங்கும். நூறு இருக்கவேண்டிய இடத்தில் பல பேருக்கு எழுபது, அறுபது என்று இருந்தது. ஒரே ஒருத்திக்கு முப்பத்தொன்று. அந்த அளவில் ஒருத்தி இன்னும் மருந்துக்குள் போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் செடிக்கு அடியிலேயே மூச்சு நின்று விழுவாள் என்றார் சங்கரலிங்கம். உடனே அவளைக் கூப்பிட்டாகவேண்டும். விதிப்படி டாக்டர் அனுசுயா பூட்டைத் திறந்து பெயரைப் பார்த்து, சம்பந்தப்பட்டவளைத் தனியே வரச்சொல்லி அனுப்பினார்.

வந்தவள் சுருளிப்பட்டி கருத்தம்மாள். கையில் ஊன்றுகோல், வாய் நிறைய வெற்றிலை. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் குத்துக்கல் மாதிரி நூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. என்ன அதிசயம் என்று டாக்டர் கேட்க, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டுக்கொட்டத்தில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து, முகாம் போட்ட அன்றைக்குத் தான் கட்டோடு கட்டிலில் கிடந்ததாகச் சொன்னாள். தான் ரத்தமே கொடுக்கவில்லை என்றாள்.

கருத்தம்மாளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்து, செய்தி குழுவுக்கு வந்தபோது சங்கரலிங்கத்தின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலாயிற்று. இவாஞ்சலின் நேரே சுருளிப்பட்டிக்குப் போனாள். பாண்டீஸ்வரி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ஒரு சங்கதியாகவே படவில்லை.

ஜீப்பில் ஒரு இடம் என்பது ரேஷன் கார்டு மாதிரி. ஒருதரம் கிடைத்தால் விடக்கூடாது. மேலுக்குச் சுகமில்லை, மகள் பிரசவம், கோயில் கொடை என்று போகமுடியாத நாளில் இடம் காலியாகப் போனால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் தனக்குப் பதில் ஒரு ஆளை அனுப்பவேண்டும். போகிற ஆள் அந்தப் பெயரில் போகவேண்டும். தோட்டத்தில் கருத்தம்மா என்று கூப்பிட்டால், அந்த இடத்தில் யார் உட்கார்ந்து வந்தாளோ அவள் வந்தாச்சு என்பாள். முகாமில் ரத்தம் எடுக்க வந்தவர்கள் தோட்டத்து வருகை அட்டையைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். இவர்களும் பழக்கப்படி வந்தாச்சு என்று கையை நீட்டிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேராவது இப்படி இருக்கும்.

"பேரு இடத்துக்குத்தான தங்கச்சி. ஆளுக்கு ஏது?" என்றாள் பாண்டீஸ்வரி.

இவாஞ்சலின் உலகமெல்லாம் சுற்றித் தகவலை எப்படிக் காப்பது என்று படித்தவள். யார் திருடுவான், யார் விற்பான், யார் ஒளிந்து பார்ப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். பெட்டிக்குள் வைக்கும்போதே பெயர் மாறியிருக்கும் என்பது மட்டும் அவள் கனவிலும் இல்லை.

"கருத்தம்மா இடத்துல அன்னைக்குப் போனது யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன. நாந்தான ஏத்திவிட்டேன்."

"அப்பச் சொல்லுங்க. உசுரு சம்பந்தப்பட்டது."

பாண்டீஸ்வரி மொச்சையைக் கீழே வைத்தாள். அவளுக்கும் கவலை இல்லாமல் இல்லை. கருத்தம்மாள் வந்து சொன்ன அன்றைக்கே அந்த ஆளிடம் போய்ப் பேசிப் பார்த்துவிட்டாளாம். "வர மாட்டேங்குறாக. தோட்டத்துக்குப் போறது வீட்டு ஆளுக்குத் தெரியாதாம். ஆஸ்பத்திரி, ரிசல்ட்டுன்னு போனா தெரிஞ்சு போகும்ங்குறாக. நான் ஏத்தலைன்னா அடுத்த ஜீப்புல ஏறிருவாக."

எந்த வீடு, எந்த ஆள், நான் வந்து பேசுகிறேன் என்று இவாஞ்சலின் கெஞ்சினாள். பாண்டீஸ்வரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வீட்டு ஆளுக்குக்கூடச் சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு தங்கச்சி? நீங்கதான?"

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

சங்கரலிங்கம் வேறு வழி வைத்திருந்தார். தோட்டங்களுக்கு எழுதி அன்றைய வருகைப் பதிவை வாங்குவோம், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஆதார் ரேகை வைக்கச் சொல்லி மறுபடி ரத்தம் எடுப்போம் என்றார். ஆள் மாறிப் போகிற விஷயம் தோட்டத்துக்குத் தெரிந்தால் அத்தனை பேர் இடமும் போகும் என்று இவாஞ்சலின் எதிர்த்தாள். ஒருத்தி சாகக் கிடக்கிறாள், நீங்கள் சட்டம் பேசுகிறீர்கள் என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள் நிலைகொள்ளாமல் இருந்தாள். மதலேனாள் ரசமும் நெத்திலிக் கருவாடும் வைத்திருந்தாள். மகள் தட்டில் கை வைத்தபடியே, பெயர் சொல்லாமல் நடந்ததையெல்லாம் கொட்டினாள். சொல்லச் சொல்ல ஆத்திரம் அந்த முகம் தெரியாத குடும்பத்தின் மேல் திரும்பியது.

"ரத்தத்துல விஷம் ஏறினாலும் பரவால்ல, வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு ஒருத்தி நெனைக்கிறான்னா, அந்த வீட்டுல இருக்குறது என்ன மனுஷங்கம்மா? அவுக மேல அம்புட்டு பயமா?"

மதலேனாள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம், வீட்டு ஆள் நல்ல ஆளாகவும் இருக்கலாமே, மனசு சங்கடப்படுமே என்று மறைத்திருக்கலாமே என்றாள். நல்ல ஆளாக இருந்தால் அவளைக் கவனித்திருக்க வேண்டாமா, ஒரு பொம்பளை தினம் விடியுமுன்னே எழுந்து எங்கே போகிறாள் என்றுகூடத் தெரியாத ஆள் என்ன ஆள் என்று இவாஞ்சலின் வெடித்தாள். மதலேனாள் நெத்திலியில் பெரிதாகப் பார்த்து இரண்டை எடுத்து மகள் தட்டில் வைத்தாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் இவாஞ்சலின் ஆக்லாந்துக்குப் போன் போட்டாள். அங்கே குழுவை நடத்துகிறவள் மெலே, டோங்காக்காரி, இவள் வயதுதான், சிரிப்பு மட்டும் நாலு ஆள் சிரிப்பு. கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காள் பெயரில் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போவது தங்கள் தீவிலும் உண்டு என்றாள். சிரித்து முடித்துவிட்டு, அந்தப் பெண்கள் இதை எப்படிச் சரிசெய்யலாம் என்கிறார்கள் என்று கேட்டாள். இவாஞ்சலின் அந்த ஆள் யார் என்று கேட்டாளே தவிர, என்ன செய்யலாம் என்று அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை.

அன்றைக்கே பாண்டீஸ்வரியைக் கேட்டாள். கேட்பதற்காகவே காத்திருந்தவள் போல மறுநாளே பதில் சொன்னாள். உறைகளை ஒட்டியபடியே கொண்டுவந்து ஒரு அறையில் வையுங்கள். பெண்கள் மட்டும் உள்ளே இருப்போம். தப்பான பெயரில் இருக்கிற உறையை எங்களுக்குள் மாற்றி உரிய ஆளிடம் சேர்த்துவிடுகிறோம். டாக்டர் அனுசுயா இருக்கட்டும், மற்ற யாரும் வேண்டாம். யார் யார் இடத்தில் போனார்கள் என்பதை எங்கேயும் எழுதக்கூடாது. குழுவில் மற்ற இரண்டு பேரும் வாசலில் நிற்கக்கூடாது, நாங்கள் உள்ளே போகிறதையும் வெளியே வருகிறதையும் பார்க்கக்கூடாது. இப்படியென்றால் அந்த ஆளையும் வரச் சொல்லிப் பார்க்கிறேன். இது பாண்டீஸ்வரியின் வாக்கு.

சங்கரலிங்கத்தைச் சம்மதிக்க வைப்பதற்குள் இவாஞ்சலினுக்குத் தொண்டை வற்றிவிட்டது. எழுத்தில் இல்லாமல் எப்படி நம்புவது என்றார். தப்பான பெயரில் எழுதி வைத்ததை இத்தனை நாள் நம்பிக்கொண்டுதானே இருந்தோம் என்றாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, எப்படியோ செய்யுங்கள், அந்த முப்பத்தொன்று ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும் என்றார். வாய்க்கு வாய் எண்களையே சொல்கிற மனிதருக்கு அன்றைக்குக் குரல் கம்மியிருந்தது.

தோட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உத்தமபாளையத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தார்கள். உறைகள் இருந்த பெட்டியைக் காலையிலேயே டாக்டர் அனுசுயாவிடம் கொடுத்தாயிற்று. பெட்டி ஒருவரிடம், சாவி ஒருவரிடம் என்ற விதிப்படி பெட்டிச் சாவி இவாஞ்சலினிடம். பெண்கள் வருவதற்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவள் கிளம்பிவிட வேண்டும் என்று பேச்சு. பூசை முடிந்து, ஜெபக் கூட்டம் இருக்கு, சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு மதலேனாள் முன்னாலேயே போய்விட்டாள். வழியில் ஏதோ கட்சி ஊர்வலம், பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. இவாஞ்சலின் மண்டபத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ பேச்சும் சிரிப்பும் கேட்டது.

பாண்டீஸ்வரி கதவை ஒரு சாண் திறந்து கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். இவாஞ்சலின் திரும்பிப் படி இறங்கினாள். படியை ஒட்டி வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியது, பிளாஸ்டிக் செருப்பு. அவற்றுக்கு நடுவே கருநீலத்தில் தடித்த மெத்தை வைத்த ஒரு சோடி இருந்தது. அம்மாவுக்குக் குதிகால் வலிக்கிறதே என்று ஆக்லாந்தில் கடை கடையாக ஏறி அவள் வாங்கி வந்த சோடி அது. இடது கால் செருப்பின் விளிம்பு வழக்கம்போல ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. ஊசி, பைபிள், தலைவலி, வேர்வை, தேனியில் வாங்கிய கண்ணாடி, எல்லாம் மருந்து உடம்பில் ஏறியதன் அடையாளம். வர மாட்டேங்குறாக என்று பாண்டீஸ்வரி மரியாதையோடு சொன்னது. வீட்டு ஆள்.

மண்டபத்துக் கதவு ஐந்தாறு எட்டில் இருந்தது. தாழ்கூடப் போடவில்லை. தள்ளினால் திறக்கும். தள்ளவேண்டும் என்று அவள் கை பரபரத்தது. உள்ளே போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று சத்தம் போடவேண்டும், அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்து துள்ளுமாம். அவளுக்கும் துள்ளத்தான் தோன்றியது. ஆனால் உள்ளே இருந்த அத்தனை பேரும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவள் கொடுத்த வாக்கை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அவளைப் பெற்றவள்.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பாய் கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை ராத்திரி தான் திட்டியதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தாள். அந்த வீட்டில் இருப்பது என்ன மனுஷர்கள் என்று அவள் கேட்டபோது, அம்மா தட்டில் பெரிய நெத்திலியாகப் பார்த்து வைத்தாள். அவமானம் என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதலேனாள் சாயங்காலம் வந்தாள். ஜெபக் கூட்டம் முடிய நேரமாகிவிட்டது என்றாள். சரிம்மா என்று இவாஞ்சலின் காப்பி போட்டுக் கொடுத்தாள். ராத்திரிக்குள் டாக்டர் அனுசுயாவிடமிருந்து செய்தி வந்தது. எல்லா உறையும் உரிய ஆளிடம் சேர்ந்துவிட்டது, அந்த அம்மாவும் வந்தார்கள், இனி தோட்டத்துப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறேன், மற்றதை நீங்கள் கேட்கக்கூடாது, நானும் சொல்லக்கூடாது என்று இருந்தது.

திங்கட்கிழமை இவாஞ்சலின் அல்லிநகரம் போகவில்லை. வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அன்றைக்கும் விடியுமுன்னே ஜீப் ஹாரன் தெருமுனையில் அடித்தது. மதலேனாள் எழுந்து உட்கார்ந்தாள், பிறகு படுத்துக்கொண்டாள். மாதா சுரூபத்துக்குப் பின்னால் மாத்திரை அட்டை வந்திருந்தது. அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மகள் திரையைக் கூர்ந்து பார்த்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தனையோ முறை கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. இப்ப எப்படி இருக்கும்மா, கண்ணு தெளிஞ்சிருக்கா என்று கேட்டாலே போதும், உடைந்துவிடும். அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது சட்டத்தை எழுதுவதைவிடக் கஷ்டமான வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் சங்கரலிங்கம் போன் செய்தார். மதலேனாள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். போன் சத்தமாகப் பேசும். முப்பத்தொன்று வந்துவிட்டதாமே, யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அறிக்கைக்காகக் கேட்கவில்லை, மனசு கேட்காமல்தான் கேட்கிறேன் என்றார் அவர்.

"வந்துட்டாங்க சார். யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள் இவாஞ்சலின்.

போனை வைத்ததும் மதலேனாள் மடியிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லுற," என்றாள் மதலேனாள்.

"நீ சொல்லாம எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மதலேனாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நீ வாசல் வரைக்கும் வந்து செருப்பப் பாத்து நின்னுட்டு, அப்படியே திரும்பிப் போனேன்னு பாண்டீஸ்வரி சொன்னா. கதவு இடுக்குல பாத்திருக்கா. நீ உள்ள வந்திருந்தேன்னா நான் பின்வாசல் வழியாப் போயிருப்பேன் ஆத்தா. ஒறைய வாங்கியிருக்கவே மாட்டேன்."

இவாஞ்சலின் கம்ப்யூட்டரை மூடிவைத்தாள்.

மதலேனாள் தானாகவே சொன்னாள். போகக்கூடாது என்றுதான் இருந்தாளாம். வீடு பெரிதாக இருந்ததாம், பேச ஆள் இல்லையாம். கருத்தம்மா கால் ஒடிந்து கிடந்தபோது ஒரு நாளைக்குப் போய்வா என்று பாண்டீஸ்வரி கேட்டாளாம். ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் நாலு பேர் சத்தமும் சிரிப்பும் கேட்டு, மறுநாளும் போகத் தோன்றிவிட்டதாம். உன் மனசு சங்கடப்படும் என்றுதான் மறைத்தேன் என்றாள். "அந்த வீட்டு ஆளு நல்ல ஆளுதான்னு அன்னைக்கே சொன்னேன். நீதான் கேக்கல."

எழுந்து போய் மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்துவந்து மகள் முன்னால் வைத்தாள். மேலே கருத்தம்மாள் என்று பெயர் இருந்தது.

"டாக்டரம்மா வாயால சொன்னாக. ஆனா நானே படிக்கணும்னு வச்சிருந்தேன். கண்ணு இன்னும் தெளியல. நீ படி."

இவாஞ்சலின் உறையைத் தொடவில்லை. படிக்கச் சொல்கிறாயா, நிசமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டாள். பிறர் கணக்கைப் படிக்குமுன் இரண்டு தடவை கேட்கவேண்டும் என்பது அவள் எழுதிய விதி. மதலேனாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங் கணக்கு. நான் சொல்லுறேன், படி. மொதல்ல அந்தக் கருத்தம்மாள அடிச்சிட்டு எம் பேரப் போடு."

இவாஞ்சலின் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மதலேனாள் என்று எழுதினாள். எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்தாக வந்தது. உறைக்குள்ளிருந்த தாளை விரித்தாள். பார்க்காமலே சொல்லக்கூடிய எண். அதை வைத்துக்கொண்டு அவள் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறாள், தட்டில் கை வைத்தபடி ஒரு குடும்பத்தையே திட்டியிருக்கிறாள். இப்போது அதை ஒருதரம் வாய்விட்டுப் படிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"முப்பத்தொண்ணும்மா."

"எம்புட்டு இருக்கணும்?"

"நூறு."

மதலேனாள் பூண்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மருந்தடிச்சு எத்தனை நாள் கழிச்சு ஆள விடணும்னு அந்த ஆபீசர்மார்கிட்டப் பேசப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ," என்றாள். "எம் பேரச் சொல்லியே சொல்லுறேன்."